கொலோனுக்கு அரை நாள் போதுமா? (9 யூரோ டிக்கெட், பன்னிரண்டு வார இறுதிகள்)

கேள்வி, 10 ஜூன் 2022

மூன்று மாதப் பயிற்சிக்காக ஜெர்மனி வந்திருக்கிறேன். கையில் மொத்தம் பன்னிரண்டு வார இறுதிகள். பார்க்க வேண்டிய ஊர்கள் என்று பதினான்கு எழுதி வைத்திருக்கிறேன். கொலோனுக்கு அரை நாள். பேராலயத்தைப் பார்த்துவிட்டு மதியமே அடுத்த ஊருக்குக் கிளம்பிவிடலாம்தானே? மாதம் 9 யூரோவுக்கு ஜெர்மனி முழுக்கச் சுற்ற விடும் அந்த 9 யூரோ டிக்கெட் மட்டும் போதுமா?

12 ஜூன் 2022, இரவு

டிக்கெட் போதும். அரை நாள் போதாது.

நானும் உங்கள் கதிதான். திருச்சியிலிருந்து வந்து ஆகென் நகரத்தில் ஓர் ஆய்வுக்கூடத்தில் உட்கார்ந்திருக்கிறேன். உலைக்குள் வெப்பக் கதிர்கள் எப்படிச் சிதறும் என்று கணினியில் கணக்குப் போடுவது வேலை. போன ஞாயிறு, 5ஆம் தேதி, கொலோன் போனேன். ஆர்.இ.1 என்ற வட்டார ரயிலில் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் கொண்டுபோய் விடும். அன்று பெந்தெகோஸ்தே ஞாயிறு, கிறிஸ்தவப் பெருநாள். 9 யூரோ டிக்கெட் வந்து முதல் வார இறுதி, அதோடு திங்கட்கிழமையும் விடுமுறை. ஜெர்மனியே ரயிலில்தான் இருந்தது. சைக்கிளோடு ஏறியவர்களுக்கும் குழந்தை வண்டியோடு ஏறியவர்களுக்கும் நடுவே ஒரு காலில் நின்று போனேன். ஆடி அமாவாசைக்கு ஸ்ரீரங்கம் பஸ்ஸில் ஏறிப் பழகிய எனக்கு அது பெரிய விஷயமில்லை. மாஸ்க் போட்டுக்கொண்டு அப்படி நிற்பதுதான் புதிது.

ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்ததும் பேராலயத்தைத் தேட வேண்டியதில்லை. வாசலில் நிற்கிறது. முழுதாகப் பார்க்கப் பின்னால் நகர்ந்தால் மறுபடி நிலையத்துக்குள் போய்விடுவோம். உயரம் 157 மீட்டர். 1248இல் கட்டத் தொடங்கி 1880இல் முடித்திருக்கிறார்கள். நடுவில் ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகளாகக் கல் ஒன்றும் ஏறவில்லை. தெற்குக் கோபுரம் பாதியில் நிற்க, அதன் தலையில் ஒரு மரப் பாரந்தூக்கி மட்டும் 1868 வரை அப்படியே நின்றிருக்கிறது. எங்கள் ஊர் மேம்பாலங்களைப் பற்றி இனிமேல் வாய் திறக்க மாட்டேன்.

காலைத் திருப்பலி வழிபாட்டுக்கு முன்பு பெரிய மணி அடித்தது. 24 டன், 1923இல் வார்த்தது. பெரிய திருநாட்களில்தான் அடிப்பார்களாம். அன்று போனது என் அதிர்ஷ்டம். மணி என்றால் கணீரென்று இருக்கும் என்று நினைத்திருந்தேன். இது அடிவயிற்றில் உறுமியது. பிறகு கோபுரத்தின் 533 படி ஏறும்போது வழியில் அதே மணியைக் கம்பிக்கு அந்தப் பக்கம் பார்த்தேன். அசையாமல், ஒன்றும் நடக்காதது போலத் தொங்கிக்கொண்டிருந்தது. 2011இல் அதன் நாக்கு ஒடிந்து கீழே விழுந்ததாம். அதைக் கேட்டதிலிருந்து அந்த இடத்தில் கொஞ்சம் வேகமாகவே ஏறினேன்.

படிக்கட்டு சுழல் படிக்கட்டு. ஏறுபவர்களும் இறங்குபவர்களும் ஒரே வழியில் உரசிக்கொண்டு போக வேண்டும். எதிரே ஆள் வந்தால் சுவரோடு ஒட்டிக்கொள்ளுங்கள். முதுகுப்பையை முன்பக்கம் மாட்டுங்கள். மாணவர் அட்டையை எடுத்துப்போனால் கட்டணத்தில் சலுகை உண்டு.

திருப்பலி நடந்ததால் உள்ளே சுற்றிப் பார்க்கவில்லை. ஆகவே நான் இன்னும் பேராலயத்தைப் பார்க்கவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். இதில் உங்களுக்கு அரை நாள்!

12 ஜூன் 2022, பத்து நிமிடம் கழித்து

சொல்ல விட்டுப்போனது. 9 யூரோ டிக்கெட் வட்டார ரயில், டிராம், பஸ் இவற்றுக்கு மட்டும். ஐ.சி.இ., ஐ.சி. என்று எழுதியிருந்தால் அது தொலைதூர விரைவு ரயில், ஏறாதீர்கள். டிக்கெட்டில் உங்கள் பெயரை எழுதிவிடுங்கள். மாதத்தின் நடுவில் வாங்கினாலும் அந்த மாதக் கடைசியோடு முடிந்துவிடும்.

16 ஜூன் 2022

வியாழக்கிழமைதானே என்று பால் வாங்கப் போனேன். ஊரே பூட்டிக் கிடக்கிறது. திருவுடல் பெருவிழா என்ற கத்தோலிக்கத் திருநாளாம். ஞாயிறு கடை இல்லை என்பது தெரியும். வாரத்தின் நடுவில் இப்படி ஒரு நாள் ஒளிந்திருப்பது தெரியாது. மதியம் வெறும் சோறும் ஊறுகாயும். ஊறுகாய் இல்லாதவர்களை நினைத்துப் பரிதாபப்பட்டேன்.

இதை ஏன் இங்கே எழுதுகிறேன் என்றால், பயணத் திட்டத்தில் ஊர்ப் பெயருக்கு முன்னால் அந்த மாநிலத்தின் விடுமுறை நாட்களை எழுதுங்கள். பெரிய ரயில் நிலையங்களுக்குள் இருக்கும் கடைகள் மட்டும் ஞாயிறும் திறந்திருக்கும். கொலோன் நிலையத்தில் உண்டு. காலிப் பிளாஸ்டிக் புட்டியை எறியாதீர்கள். கடையில் இருக்கும் இயந்திரத்தில் போட்டால் பெரும்பாலும் ஒன்றுக்கு 25 செண்ட் திரும்ப வரும்.

19 ஜூன் 2022, இரவு

இரண்டாவது முறை போய் வந்தேன். ஒருவர் இந்த இழையில், "ஒரே ஊருக்கு இரண்டு தடவையா, அங்கே யாராவது இருக்கிறார்களா?" என்று கேட்டிருக்கிறார். இருக்கிறது, ஒரு ஜன்னல்.

சிலுவை வடிவப் பேராலயத்தின் தெற்குக் கையில் உயரமான ஒரு ஜன்னல். மற்ற ஜன்னல்களில் புனிதர்கள் நிற்கிறார்கள், அரசர்கள் மண்டியிடுகிறார்கள். இதில் ஆளே இல்லை. பதினோராயிரத்துக்கும் மேற்பட்ட சின்னச் சின்னச் சதுரங்கள், 72 நிறங்கள், அவ்வளவுதான். பழைய கண்ணாடி இரண்டாம் உலகப் போரில் போய்விட்டது. அந்த இடத்தில் கெர்ஹார்டு ரிக்டர் என்ற ஓவியர் 2007இல் இதைச் செய்து கொடுத்திருக்கிறார். எந்த நிறம் எங்கே வரும் என்பதைக் கணினியை விட்டுச் சீரற்ற முறையில், அதாவது குலுக்கல் போல, தேர்ந்தெடுக்கச் சொன்னாராம். அன்றைய கொலோன் பேராயர் கார்டினல் மெய்ஸ்னருக்குப் பிடிக்கவில்லை. மசூதிக்கோ வேறு ஏதாவது தொழுகைக் கூடத்துக்கோ பொருந்தும் என்ற அர்த்தத்தில் ஏதோ சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டார்.

என் கதிர்க் கணக்குக்காக வாரம் ஐந்து நாளும் சீரற்ற எண்களோடு மல்லுக்கட்டுகிறவள் நான். என் திரையில் அவை ஒரு வரைபடத்தில் புள்ளியாக வந்து விழும், மேற்பார்வையாளர் "இன்னும் பத்து லட்சம் ஓட்டு" என்பார். இங்கே அதே எண்கள் தரையில் விழுந்து கிடந்தன. மதிய வெயில். என் இடது ஷூவின் மேல் ஒரு பச்சைக் கறை, பக்கத்தில் கொஞ்சம் ஊதா. ஓரம் தெளிவாக இல்லை, தண்ணீரில் மை கலைந்தது போல. தூணடியில் அப்படியே நின்றேன். மேகம் வந்தது, எல்லாம் அழிந்தது, மறுபடி வந்தது. அரை மணி கழித்துப் பச்சை வலது ஷூவுக்குப் போயிருந்தது. நான் நகரவில்லை. பக்கத்தில் ஒரு குழந்தை ஒவ்வொரு நிறமாக மிதித்துக்கொண்டே போனது.

குழந்தை இயேசுவைப் பார்க்க வந்த மூவரசரின் எலும்புகள் இருப்பதாகச் சொல்லும் தங்கப் பேழையும் உள்ளேதான் இருக்கிறது. 1164இல் மிலானிலிருந்து எடுத்து வந்தார்களாம். அதற்காகத்தான் இவ்வளவு பெரிய ஆலயமே. நான் அதை ஐந்து நிமிடம் பார்த்தேன். ஜன்னலை ஒன்றரை மணி நேரம். கணக்கு சரியா தவறா தெரியவில்லை.

20 ஜூன் 2022

திருத்தம். நேற்று "சீரற்ற முறை" என்று அடித்துச் சொன்னேன். முழு உண்மை இல்லை. எடுத்த படத்தை வேலை நேரத்தில் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன் (மேற்பார்வையாளருக்குத் தமிழ் தெரியாது). ஜன்னல் ஆறு நெடும் பட்டைகளாக இருக்கிறது. முதல் பட்டையைக் கண்ணாடியில் பார்த்தது போல மூன்றாவது. இரண்டுக்கு ஐந்து, நான்குக்கு ஆறு. பாதியைத்தான் கணினி தேர்ந்தெடுத்திருக்கிறது, மீதிப் பாதி அதன் பிம்பம். ஒன்றரை மணி நேரம் நேருக்கு நேர் நின்றும் எனக்கு இது கண்ணில் படவில்லை. அதுவும் சீரற்ற எண்கள் உண்மையிலேயே சீரற்றவையா என்று சோதிப்பது என் வேலையின் ஒரு பகுதி. எழுதவே வெட்கமாக இருக்கிறது.

3 ஜூலை 2022

உங்கள் பதினான்கு ஊர்ப் பட்டியலைக் கேலி செய்தேன் அல்லவா, போன வாரம் நானே அதைச் செய்து பார்த்தேன். சனிக்கிழமை டுசல்டார்ஃப், எசன், டார்ட்முண்ட். ஞாயிறு பான், கோப்லென்ஸ். இரண்டு நாளில் ஐந்து ஊர், எல்லாம் அதே 9 யூரோவில். ஆய்வுக்கூட நண்பர்கள் மூன்று பேர் கூட வந்தார்கள். ஒருவன் ஊர் ஊராகக் குளிர்பதனப் பெட்டி காந்தம் வாங்கினான்.

நினைவில் இருப்பது என்ன என்று இப்போது உட்கார்ந்து எழுதிப் பார்த்தால்: டுசல்டார்ஃபில் ஆற்றங்கரைக் காற்று. எசனில் கழிப்பறைக்கு ஒரு யூரோ கேட்டார்கள், சில்லறை இல்லை. டார்ட்முண்டில் மழை. பானில் பீத்தோவன் பிறந்த வீட்டின் வெளிச்சுவர். உள்ளே போனால் அடுத்த ரயில் போய்விடும் என்று போகவில்லை. கோப்லென்ஸில் மோசல் ஆறு ரைனில் கலக்கும் முனை. அங்கேதான் நாற்பது நிமிடம் உட்கார்ந்தோம். இரண்டு தண்ணீரும் வேறு வேறு நிறத்தில் கொஞ்ச தூரம் ஒட்டாமல் ஓடின. அது ஒன்றுதான் தேறியது. மற்றபடி எனக்கு இந்த மாநிலத்தின் பிளாட்பாரங்கள் அத்துப்படி.

கூட வந்தவர்களைக் கேட்டேன். மூன்று பேருமே "அருமையான பயணம்" என்கிறார்கள். ஆகவே இது என் குணமாகவும் இருக்கலாம்.

17 ஜூலை 2022

அதே ஆர்.இ.1, ஆனால் எதிர்முனை. ஆகெனில் ஏறினால் ஹாம் நகரத்தில் கொண்டுபோய் விடும், ஏறத்தாழ மூன்று மணி நேரம். ஹாம் எந்தச் சுற்றுலாப் பட்டியலிலும் இருக்காது. அங்கே ஊன்ட்ராப் என்ற பகுதியில் காமாட்சி அம்பாள் கோயில் இருக்கிறது. ஈழத் தமிழர்கள் கட்டியது, 2002இல் குடமுழுக்கு.

ஞாயிற்றுக்கிழமை பஸ் அரிதாகத்தான் வருகிறது. இறங்கிய இடத்திலிருந்து நடந்தால் இரண்டு பக்கமும் தகரக் கொட்டகைகள், லாரிகள், கம்பி வேலி. வழி தவறிவிட்டோம் என்று திரும்ப நினைத்த நேரத்தில் கொட்டகைக் கூரைக்கு மேலே கோபுரக் கலசம் தெரிந்தது. எங்கள் ஊர் அரியமங்கலம் பக்கம் போவது போல இருந்தது, அதனால் பயம் போய்விட்டது. தேர்த் திருவிழா சமயத்தில் ஆயிரக்கணக்கில் கூட்டம் வருமாம். தீர்த்தம் பக்கத்துக் கால்வாயில். சரக்குப் படகுகள் போவதற்கென்று வெட்டிய கால்வாய். நான் போன அன்று இருபது பேர் இருந்திருப்பார்கள்.

சுண்டல் கொடுத்த அம்மா ஒருவர் எந்த ஊர் என்று கேட்டார். திருச்சி என்றேன். கரண்டி அப்படியே நின்றது. எண்பதுகளின் கடைசியில் இங்கே வருவதற்கு முன்பு திருச்சி கொட்டப்பட்டு அகதிகள் முகாமில் ஓர் ஆண்டு இருந்தாராம். சத்திரம் பேருந்து நிலையம் இன்னும் அப்படியேதான் இருக்கிறதா, மலைக்கோட்டைக்குப் போகிற சந்தில் வெள்ளரிப்பிஞ்சு விற்பார்களா என்று வரிசையாகக் கேட்டார். பேருந்து நிலையத்தை இடித்துப் புதிதாகக் கட்டிவிட்டார்கள் என்றேன். "அப்படியோ" என்றார். சொல்லாமல் இருந்திருக்கலாமோ என்று ரயிலில் தோன்றியது. திருச்சியில் பிறந்து வளர்ந்தும் நான் கொட்டப்பட்டு முகாமை பஸ்ஸிலிருந்துகூட உற்றுப் பார்த்ததில்லை.

வெள்ளரிப்பிஞ்சு இருக்கிறது. அதைச் சொன்னேன்.

30 ஜூலை 2022

மூன்றாவது முறை கொலோன். சிரிப்பவர்கள் சிரிக்கலாம்.

இந்த முறை காரணம் எங்கள் அப்பாயி. வீடியோ அழைப்பில் "கொலோன் போகிறேன்" என்று சொன்னதும், "ஓடிகொலோன் விற்கிற ஊரா?" என்று கேட்டார். இரண்டு மாதமாக இந்த ஊரின் பெயரை நூறு தடவை சொல்லியிருப்பேன், எனக்கு உறைக்கவே இல்லை. காய்ச்சல் வந்தால் வெள்ளைத் துணியை ஓடிகொலோனில் நனைத்து நெற்றியில் போடுவார்களே, அதே கொலோன். ஓ-டி-கொலோன்: பிரெஞ்சு மொழியில் கொலோன் தண்ணீர். ரயில் நிலையப் பலகையில் 'கோல்ன்' என்று ஜெர்மன் உச்சரிப்பில் இருப்பதால் ஏமாந்துவிட்டேன் என்று சமாதானம் சொல்லிக்கொள்கிறேன்.

ஃபரீனா என்ற இத்தாலியக் குடும்பம் 1709இல் இங்கே கடை போட்டது. அந்தக் கடை இன்னும் இருக்கிறது, மேலே அருங்காட்சியகம். அப்பாயி கேட்டது அதையல்ல, நீலமும் பொன்னுமாக லேபிள் ஒட்டிய 4711ஐ. அது வேறு வீடு, கொஞ்சம் நடக்க வேண்டும். 4711 என்பது பிரெஞ்சுப் படை ஊரைப் பிடித்திருந்த காலத்தில் வீடுகளுக்குப் போட்ட வரிசை எண்ணாம். கதவு எண்ணையே விற்பனைப் பெயராக்கிவிட்டார்கள். உள்ளே வாசனைத் தண்ணீரே கொட்டும் ஒரு சின்ன நீரூற்று இருக்கிறது. கையை நனைத்து முகர்ந்தேன். எனக்கு ஏழு வயது, டைபாய்டு, ரசஞ்சோறு. கண்ணைத் திறந்தால் பக்கத்தில் ஜப்பானியப் பயணிகள்.

இன்னொன்றும் கண்டுபிடித்தேன். ரோமானியர்கள் கி.பி. 50இல் இந்த ஊருக்கு வைத்த பெயரின் முதல் சொல் 'கொலோனியா'. குடியேற்றம் என்று பொருள். அது தேய்ந்துதான் கொலோன். நம் ரயில்வே காலனி, அண்ணா காலனியில் இருக்கும் காலனியும் அதே சொல். ஆகவே நான் மூன்று முறை போனது வெறும் காலனிக்குத்தான்.

அப்பாயிக்கு ஒரு புட்டி வாங்கினேன். நீங்களும் வாங்கினால் பெட்டிக்குள் வையுங்கள், பல விமான நிலையங்களில் கைப்பையில் 100 மில்லிக்கு மேல் விட மாட்டார்கள்.

14 ஆகஸ்ட் 2022

12 ஜூன் குறிப்பில் ஐ.சி.இ.யில் ஏறாதீர்கள் என்று உபதேசம் செய்தவள் நான். நேற்று இரவு கொலோனில் பிளாட்பாரம் மாற்றிவிட்டார்கள். ஓடினேன். 'ஆகென்' என்ற பெயரை மட்டும் பார்த்து ஏறிவிட்டேன். இருக்கை மெத்தென்று இருந்தபோதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். அடுத்த நிறுத்தமே ஆகென்தான், நடுவில் இறங்க வழியில்லை. பரிசோதகர் மரியாதையாகவே பேசினார், மரியாதையாகவே 60 யூரோ எழுதினார். ஆறரை டிக்கெட்டுக்கும் மேலான காசு.

நான்காவது முறையா என்று யாரும் கேட்க வேண்டாம். ஆமாம்.

21 ஆகஸ்ட் 2022

இன்னும் ஒரு வாரத்தில் ஊருக்குத் திரும்புகிறேன். ஒரு பெரிய தவற்றை ஒப்புக்கொள்ள வேண்டும். என் அறையிலிருந்து பத்து நிமிட நடையில் ஆகென் பேராலயம். 1978இல் உலகப் பாரம்பரியச் சின்னங்களின் முதல் பட்டியல் வந்தபோதே அதில் இடம்பெற்ற பன்னிரண்டில் ஒன்று. தினமும் அதைத் தாண்டித்தான் மளிகை வாங்கப் போனேன். இன்றுதான் உள்ளே நுழைந்தேன்.

சார்லமேன் பேரரசர் கட்டிய எண்கோண மண்டபம். அவருடைய சிம்மாசனத்தைப் பார்க்க வழிகாட்டியோடு மாடிக்குப் போக வேண்டும். தங்கமும் மணியும் இருக்கும் என்று போனேன். நான்கு சலவைக்கல் பலகைகளைச் சேர்த்து வைத்திருக்கிறது, எங்கள் வீட்டுக் கொல்லைத் துவைகல் போல. ஜெர்மானிய அரசர்கள் அறுநூறு ஆண்டுகளாக முடிசூட்டு விழாவில் இதில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள்.

இந்த ஊருக்கு ஒரு யானையும் வந்திருக்கிறது. பாக்தாத் கலீபா ஹாரூன் அல் ரஷீத் சார்லமேனுக்கு அனுப்பிய பரிசு, பெயர் அபுல் அப்பாஸ். கடல் தாண்டி இத்தாலி வந்து, ஆல்ப்ஸில் பனி என்பதால் ஒரு குளிர்காலம் முழுக்க அங்கேயே இருந்து, 802 ஜூலையில் ஆகென் வந்து சேர்ந்தது. மலை வழியாக நடந்தே. அடுத்த ரயிலைப் பிடிக்க ஓடியிருக்காது.

மூன்று மாதத்தில் இங்கே ஒரே ஒரு தடவை. கொலோனுக்கு நான்கு. இப்போது யோசித்தால் இதை நான் தலைகீழாகச் செய்திருக்க வேண்டும். பட்டியலில் முதல் ஊராக நீங்கள் தங்கியிருக்கும் ஊரை எழுதுங்கள். ஆம்ஸ்டர்டாம் போகாமல் விட்டதற்கும் வருத்தம் இருக்கிறது, அதையும் மறைக்கவில்லை. பக்கத்தில்தான். போயிருக்கலாம்.

6 மே 2023

இந்த இழையை யாரோ மறுபடி மேலே கொண்டுவந்திருக்கிறார்கள். 9 யூரோ டிக்கெட் 2022 ஆகஸ்டோடு முடிந்துவிட்டது. அதை நம்பிப் போகாதீர்கள். 2023 மே முதல் மாதத்துக்கு 49 யூரோ என்று வேறு டிக்கெட் வந்தது. விதி அதேதான். ஐ.சி.இ. கிடையாது, எனக்குத் தெரியும்.

18 ஜனவரி 2025

அந்த 49, 2025 ஜனவரியில் 58 ஆனது. இது சந்தா முறை. அதாவது நீங்கள் நிறுத்தும்வரை மாதாமாதம் கணக்கிலிருந்து எடுத்துக்கொண்டே இருப்பார்கள். ஊர் திரும்புகிற மாதம் 10ஆம் தேதிக்குள் நிறுத்தச் சொல்லிவிடுங்கள். என் வகுப்புத் தோழி மறந்துவிட்டாள். அவள் மதுரையில் இருக்க, டிக்கெட் இரண்டு மாதம் ஜெர்மனியில் சும்மா இருந்தது.

அப்பாயிக்கு வாங்கிய புட்டி என்ன ஆனது என்று கேட்டவருக்கு: இன்னும் திறக்கவில்லை. பீரோவில் பட்டுப்புடவைகளுக்கு நடுவே படுக்க வைத்திருக்கிறார். போன மாதம் அவருக்குக் காய்ச்சல் வந்தபோது எடுக்கப் போனேன். "அது இருக்கட்டும்" என்று சொல்லி, தெருமுனை மருந்துக்கடைக்கு என் தம்பியை அனுப்பினார்.